கிடைத்தவர், கிடைக்காதவர்

கட்டுரையின் அட்டவணையில் இரண்டே கட்டங்கள் இருந்தன. கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த டி.டி.பி. கடையில் உட்கார்ந்து நான்தான் அப்படிப் போடச் சொன்னேன். கடைக்காரர் கோடு இழுத்து முடித்துவிட்டு இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன். அன்றைக்கு அது போதும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் பொருளியல் நடத்திக்கொண்டிருந்தேன். மாணவர்களின் சமூக சேவை அணியையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் பெருகிக்கொண்டே போன வருடங்கள். கிரிவலப் பாதையில் ஒரு பந்தல் போட்டு, மைக் செட் வாடகைக்கு எடுத்து, கூட்டத்தில் பிரிந்துபோனவர்களைச் சேர்த்துவைப்பதுதான் எங்கள் வேலை. ஒருநாள் கல்லூரி முதல்வர் என்னைக் கூப்பிட்டு, செய்தால் மட்டும் போதாது, ஆய்விதழில் கட்டுரையாக வந்தால்தான் கல்லூரிக்கு மதிப்பு, உமது பதவி உயர்வுக்கும் உதவும் என்றார். சேவை செய்வதைவிடச் செய்தோம் என்று எழுதுவது எவ்வளவு பெரிய தலைவலி என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது.

வேங்கிக்காலில் அப்போதுதான் வீடு கட்டிக் குடிபோயிருந்தோம். சுண்ணாம்பு வாசனை போகாத முன்னறையில் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சமையலறையிலிருந்து மனைவி "ஏங்க" என்பாள். காதில் விழும், எழுந்திருக்க மாட்டேன். இன்னொரு தரம் கூப்பிட்டால் "ம்" என்பேன். அதற்கும் மேலே என்றால் அவளே கரண்டியோடு வந்து நிற்பாள். ஊருக்கெல்லாம் தொலைந்தவர்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை என்று குத்திக்காட்டுவாள். நியாயமான பேச்சுதான், ஆனால் அப்போது எனக்குக் கோபம் வந்தது.

கட்டுரைக்கு ஒரு நல்ல சம்பவம் வேண்டும் என்று இதழிலிருந்து கேட்டிருந்தார்கள். நல்ல சம்பவங்கள் எத்தனையோ இருந்தன. ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு அம்மாள்தான் கண்முன் வந்து நின்றார்.

அதற்கு முந்தைய கார்த்திகை தீபத்தன்று காலையில் அவர் பந்தலுக்கு வந்தார். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக்காரர். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கலாம். புருஷனைக் காணோம் என்றார். பதறவில்லை, அழவில்லை. யாரோ ஒருவர் வந்து கூட்டிப்போவார் என்பதுபோல பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். மைக்கில் இருந்த மாணவி கணவர் பெயரைக் கேட்டாள். அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மலையைக் காட்டினார். எங்கள் ஜில்லாவில் அதற்கு விளக்கம் தேவையில்லை. புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார், மலையின் பெயர்தான் அவர் பெயர். மாணவி ஊரையும் பெயரையும் சேர்த்து அறிவித்தாள்.

மலையின் பெயர் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கும். இரைச்சலில் ஊர்ப் பெயர் எவர் காதிலும் ஏறியிருக்காது. ஆண்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு போலீஸ்காரர் வந்தார். மொட்டை போட்டு சந்தனம் பூசிய ஒருவர், தோளில் குழந்தையோடு ஒருவர். என் பெண்சாதி தேடுகிறாளா என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டு பந்தலுக்குள் எட்டிப்பார்த்தார்கள். அம்மாள் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று முகத்தைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். மாணவர்களுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. எனக்கும்தான். மத்தியானத்துக்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெயர்கொண்ட ஆண்கள் எல்லாரும் வந்துபோக, அவருடையவர் மட்டும் வரவில்லை.

தீபம் ஏற்றியதும் எல்லாரும் மலையைப் பார்த்துக் கும்பிட்டோம். அம்மாள் மட்டும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து, ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டோம்.

கட்டுரைக்காகப் பல மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். எந்தத் தகவலும் வந்திருக்கவில்லை. வாசலில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. கொழுந்தனார் என்னை ஓரங்கட்டி, அண்ணன் போய்ச் சேர்ந்திருப்பான், அண்ணியிடம் நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கள் என்றார். ஒரு நாளைப் பார்த்துக் காரியம் செய்துவிட்டுத் தாலியை இறக்கிவிடலாம் என்று உறவுக்காரர்கள் எல்லாம் பேசிவைத்திருந்தார்களாம். அம்மாள் மட்டும் பிடிகொடுக்கவில்லை. கழுத்தில் மஞ்சள் கயிறு புதிதாக இருந்தது.

எப்படிப் பிரிந்தீர்கள் என்று கேட்டேன். சேவை அணியின் கேள்வித்தாளில் அது ஒரு கேள்வி. அவர் என் பேனாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவரு எப்பவும் முன்னாடி நடப்பாரு சார். நான் முதுவப் பாத்துக்கினு பின்னாலயே போவேன். மோர்ப் பந்தல்ல ஒரு வாய் குடிக்கலாம்னு நின்னுட்டேன். அவரு போய்க்கினே இருந்தாரு. ஏங்கன்னு கூப்ட்டேன். மெதுவாத்தான் கூப்ட்டேன். அத்தினி ஜனத்துல பொம்பள கத்த முடியுமா? அவரே திரும்பிப் பாப்பாருன்னு நெனச்சேன்."

வீட்டுக்குள் பேசுகிற குரலில் அவர் அன்றைக்குக் கூப்பிட்டிருக்கிறார். கட்டின நாளிலிருந்து புருஷனைக் கூப்பிட்டுவந்த ஒரே சொல் அது. நாங்கள் நாள் முழுக்க மைக்கில் கத்திய பெயரை அவர் மனைவியின் வாயிலிருந்து ஒருநாளும் கேட்டதில்லை.

புறப்படும்போது என்ன எழுதப்போகிறேன் என்று கேட்டார். அட்டவணையைப் பற்றிச் சொன்னேன். "கெடைக்கலன்னு எழுதாதீங்க சார்" என்றார். "தேடிக்கினு இருக்காங்கன்னு எழுதுங்க." இதழில் அப்படி வந்தால் கொழுந்தனாரிடம் காட்டலாம் என்பது அவர் எண்ணம். படித்தவர்களே தேடுகிறார்கள் என்று அச்சில் இருந்தால் காரியப் பேச்சு கொஞ்ச நாளைக்காவது அடங்கும். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டி.டி.பி. கடைக்குப் போய் மூன்றாவது கட்டம் ஒன்று போடச் சொன்னேன். தேடப்பட்டு வருபவர்கள். அதில் ஒரே ஒருவர். கட்டுரை திரும்பி வந்தது. மதிப்பீட்டாளர் சிவப்பு மையில் அந்தக் கட்டத்தை அடித்து, தேடல் என்பது முடிவு அல்ல, கிடைக்காதவர்களோடு சேர்க்கவும் என்று எழுதியிருந்தார். அடையாளங்களை நீக்கவும், பெயர்களை மறைக்கவும் என்றும் ஒரு குறிப்பு. அந்த மனிதரின் பெயரைப் பெண்சாதி சொல்லமாட்டார், மைக்கில் சொன்னது அவருக்கு எட்டவில்லை, இதில் நான் வேறு மறைக்க வேண்டுமாம். ஆத்திரத்தில் விளக்கமாக ஒரு கடிதம் போட்டேன். இரண்டு கட்டங்கள் என்றால் பிரசுரம், இல்லையென்றால் இல்லை என்று பதில் வந்தது. முதல்வரோ எதற்கு இவ்வளவு பிடிவாதம் என்று என்னைத்தான் கடிந்துகொண்டார்.

அதற்குள் அடுத்த தீபம் வந்துவிட்டது. காலையிலேயே அம்மாள் வந்தார். அதே பெஞ்ச். இதழ்க்காரர்கள் சொன்னதை மென்று விழுங்கிக்கொண்டே அவரிடம் சொன்னேன். அவர் எழுந்து, மைக்கில் நான் கூப்பிடட்டுமா என்று கேட்டார். மாணவி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். பெயரைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். இத்தனை நாள் சொல்லாததை இன்றைக்குச் சொல்லிவிடுவாரோ என்று பார்க்கவே பயமாக இருந்தது.

அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஏங்க" என்றார். "நான் இங்கதான் நிக்கிறேன்."

பாதை நெடுக ஒலிபெருக்கி கட்டியிருந்தது. முன்னால் நடந்துகொண்டிருந்த ஆண்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். எந்த ஊர், எந்தச் சாதி, என்ன வயது என்று இல்லை. வேட்டி கட்டியவர், பேன்ட் போட்டவர், பிள்ளையைத் தூக்கியிருந்தவர் எல்லாரும் ஒரு கணம் நின்று பின்னால் பார்த்தார்கள். பக்கத்தில் நின்ற நானும் திரும்பினேன். அவர் அந்த முகங்களை ஒன்றுவிடாமல் பார்த்தார். பிறகு கூட்டம் மறுபடி நடக்க ஆரம்பித்தது. மைக்கை மாணவியிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"கெடைக்கலன்னுதான் போடுவாங்கன்னா, அவர எழுதவே வேணாம் சார்."

அப்படியே செய்தேன். அவரை இரண்டு கட்டத்திலிருந்தும் எடுத்துவிட்டேன். கட்டுரை வெளிவந்தது. எந்தக் குறையும் இல்லாத அழகான அட்டவணை என்று முதல்வர் பாராட்டினார். பதவி உயர்வும் கிடைத்தது. அதைப் படிக்கிற எவருக்கும் அப்படி ஒரு மனிதர் கிரிவலப் பாதையில் நடந்துபோனது தெரியாது. அந்தப் பக்கத்தை நான் திறப்பதே இல்லை. திறந்தால் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் போய்க்கொண்டே இருப்பதுபோல இருக்கிறது.

அதற்குப் பிறகு அந்த அம்மாள் பந்தலுக்கு வரவில்லை. காரியம் செய்துவிட்டார்களா, இன்னும் கயிறு மாற்றிக்கொண்டிருக்கிறாரா என்று போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வீட்டில் சுண்ணாம்பு வாசனை எப்போதோ போய்விட்டது. சமையலறையிலிருந்து இப்போதும் மனைவி மெதுவாகத்தான் "ஏங்க" என்கிறாள். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து ஓடுகிறேன். ஒன்றுமில்லை, உப்பு டப்பாவை எடுக்கத்தான் என்பாள். ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்றும் கேட்பாள். இன்றுவரை அவளிடம் நான் காரணத்தைச் சொன்னதில்லை. இரண்டாவது தரம் மட்டும் அவளைக் கூப்பிட விட்டதில்லை.