பூக்கார அக்கா சொல்லாத வரி

வாய்மொழித் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தபோது, வெளியிலிருந்து வரவிருந்த தேர்வாளரின் அறிக்கையை என் வழிகாட்டி மேடம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பாராட்டித்தான் எழுதியிருந்தார். நாலாவது அத்தியாயத்தில் ஒரு பூக்காரப் பெண் சொன்னதாக நான் காட்டியிருந்த மேற்கோளைத் தனியாகக் குறிப்பிட்டு, தமிழில் அவர் சொன்ன சொற்களையும் பின்னிணைப்பில் சேர்க்கச் சொல்லியிருந்தார்.

ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன். ஸ்ரீரங்கத்து வீட்டில் சமையலை முடித்துவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்தப் பதிவைத் தேடி எடுத்தேன்.

சமயபுரம் கோயிலைச் சுற்றிக் கடை போட்டிருக்கும் பெண்களைப் பற்றியது என் முனைவர் பட்ட ஆய்வு. இருபத்திரண்டு பேரின் பேச்சை ஃபோனில் பதிவு செய்திருந்தேன். ஒன்பது பேருடையதை நானே கேட்டுக் கேட்டு எழுதினேன். ஒரு மணி நேரப் பேச்சை எழுத நாலு நாள் ஆனது. கெடு நெருங்கியதும் மீதிப் பதின்மூன்றையும் ஒரு ஏஐ கருவியிடம் கொடுத்துவிட்டேன். காபி ஆறுவதற்குள் சுத்தமான ஆங்கிலத்தில் வந்துவிட்டது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் இப்போதும் நினைவிருக்கிறது. பதிவோடு ஒரு வரியைக்கூட ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆய்வேட்டோடு தரும் உறுதிமொழிப் படிவத்தில், ஏஐ பயன்படுத்தியிருந்தால் எங்கே, எதற்கு என்று குறிப்பிடச் சொல்லி ஒரு கட்டம் இருந்தது. ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆங்கிலத்தில் எழுதிய என் ஆய்வேட்டில் இருந்த வரியின் தமிழ் இது: ‘என் கணவர் இறந்த பிறகுதான் நான் மூச்சுவிட ஆரம்பித்தேன்.’

பதிவில் அந்த அக்காவின் குரல், “அவரு போனப்புறம்...” என்று தொடங்கியது. உடனே முடிக்காணிக்கை டோக்கன் பற்றி மைக்கில் ஒரு நீளமான அறிவிப்பு. அது அடங்கியதும், “...மூச்சு விட நேரமில்ல டீச்சர்” என்றார். அவ்வளவுதான்.

மறுபடி கேட்டேன். சத்தத்தைக் கூட்டி, குறைத்துக் கேட்டேன். அந்த ஒரு வரியை வைத்து, கணவன் இல்லாத பெண்ணின் விடுதலை என்று முப்பது பக்கம் எழுதியிருந்தேன். மற்ற பதிவுகளையும் திறந்தேன். இரண்டு நாளில் இன்னும் ஏழு இடம் கிடைத்தது. எல்லாமே அழகான வாக்கியங்கள். யாருமே சொல்லாதவை.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு என் கணவர், “ஒரு வரிதான? தமிழ்ல நீயே எழுதிச் சேர்த்துடு. யாரு போய்க் கேக்கப் போறா?” என்றார். அவர்மேல் கோபம் வரவில்லை. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சமயபுரம் பஸ் ஏறினேன். உண்மையைச் சொல்லப் போகவில்லை. எப்படியாவது அந்த வரியை அக்கா வாயிலிருந்து வாங்கிவிடலாம், பதிவு செய்து பழைய தேதியில் சேர்த்துவிடலாம் என்றுதான் போனேன். இதை எழுதக் கூசுகிறது.

அக்கா பூ கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து துளசி ஆய்ந்துகொண்டிருந்தார்.

“வாங்க டீச்சர்! பரீட்ச முடிஞ்சுதா?” என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார் அக்கா. “இவருதான் எங்க வீட்டுக்காரர். மஸ்கட்லேர்ந்து வந்து மூணு மாசம் ஆச்சு.”

அந்த ஆள் கும்பிட்டார். எனக்குக் கை எழவில்லை.

போனது என்றால் மஸ்கட்டுக்குப் போனது. அன்று பதிவு செய்தபோது, எங்கே போனார் என்று நான் கேட்கவே இல்லை. ஃபோனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அக்காவே கேட்டார்: “என்னப் பத்தி எழுதுனீங்கள்ல? படிச்சுக் காட்டுங்க, இவரும் கேக்கட்டும்.”

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். முடியவில்லை. அந்த வரியைத் தமிழில் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

வீட்டுக்காரரின் கை துளசியிலேயே நின்றுவிட்டது. பிறகு எழுந்து, தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

“நா இப்படிச் சொல்லலையே டீச்சர்.”

“இல்லக்கா. நீங்க சொல்லல. மெஷின்கிட்ட கொடுத்தேன், அது தப்பா எழுதிடுச்சு. நான் பாக்காம விட்டுட்டேன்.”

“மெஷினா எங்கிட்ட வந்து பேசுச்சு? நீங்கதான வந்தீங்க?” குரல் உயரவில்லை. “இத எத்தன பேரு படிச்சாங்க?”

“மூணு பேரு அக்கா.”

“அவங்ககிட்ட போய்ச் சொல்லிருங்க, அவரு உசிரோட இருக்காருன்னு. எங்க பேச்ச அதுலேர்ந்து எடுத்துருங்க. இனிமே வராதீங்க.”

அங்கிருந்து நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். மேடம் முழுவதும் கேட்டார். “வைவா தேர்வு முடியட்டும், அப்புறம் திருத்திக்கலாம். இப்ப சொன்னா எனக்கும் சேத்துக் கேள்வி வரும்” என்றார். பயந்திருந்தார். “நான் பொய் சொல்லித்தான் படிவத்துல உங்க கையெழுத்தையும் வாங்கினேன் மேடம்” என்றேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

எந்தக் கருவி, எந்தப் பதிவுகள், எந்தப் பக்கங்கள், படிவத்தில் எழுதிய பொய் என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். தேர்வு ரத்தானது. விசாரணைக் குழு இரண்டு முறை கூப்பிட்டது. அதில் ஒருவர், “கருவியப் பயன்படுத்தினது தப்பில்லம்மா. சரிபாக்காததும் மறைச்சதும்தான் தப்பு” என்றார். நான் தலையாட்டினேன். திருத்தி மறுபடி சமர்ப்பிக்க ஒரு வருஷம் கொடுத்தார்கள். பட்டத்தை நம்பி ஒரு கல்லூரி எனக்காக வைத்திருந்த விரிவுரையாளர் இடம் வேறொருவருக்குப் போனது.

அக்காவின் பேச்சை எடுத்துவிட்டு, மீதிப் பன்னிரண்டு பேரின் பேச்சையும் நானே கேட்டு எழுதினேன். மைக் சத்தத்தில் புரியாத இடங்களில் ‘கேட்கவில்லை’ என்று போட்டேன். நாலாவது அத்தியாயம் போய்விட்டது. முன்புபோல் வாக்கியங்கள் பளபளக்கவில்லை. சமர்ப்பித்து ஐந்து மாதமாகிறது, இன்னும் பதில் இல்லை. தினமும் மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறேன். ஆய்வேடு நிராகரிக்கப்பட்டால் அடுத்து என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.