புலி வீட்டு வாசல்

தாம்பரத்தில் ஒருநாள் சுற்றுலா வேனில் ஏறியபோது பக்கத்து சீட்டில் ஒரு அக்கா இருந்தார். கையில் மஞ்சள் குடை, தலை நிறையக் கனகாம்பரம். எதற்கெடுத்தாலும் சிரிப்பு. பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

கோவளத்தில் தர்கா வாசலில் செருப்பைக் கழற்றினார். மாதா கோயிலிலும் கழற்றினார். அது சரிதான். கேளம்பாக்கம் வழியாக வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்கு வந்ததும், வெள்ளைப்புலிக்கு எதிரேயும் கழற்றி ஓரமாக வைத்தார்.

"அக்கா, இது புலி" என்றேன்.

"தெரியும்மா. அது வூட்டு வாசலுக்கு வந்துகீறோம். செருப்போடவா நிக்கறது?"

புலி பெரிதாகக் கொட்டாவி விட்டது.

"வாங்கன்னு சொல்லுது பாரு" என்றார்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நானும் கழற்றினேன். அப்புறம் கரடி, முதலை, ஒட்டகச்சிவிங்கி என்று ஒவ்வொரு வாசலிலும் இருவரும் கழற்றினோம், சுடுகிற தரையில் குதித்தோம், மறுபடி மாட்டிக்கொண்டோம். நீர்யானையிடம் நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் விழுந்தடித்து வேனுக்கு ஓடினோம்.

தாம்பரத்தில் இறங்கியபோதுதான் இரண்டு பேருமே வெறுங்காலோடு நிற்பது தெரிந்தது.

"போவட்டும் வுடு" என்றார் அக்கா, நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே. "நீர்யானை வூட்ல விருந்தாளி வந்துகீறாங்கன்னு அந்தக் கரடி நெனச்சுக்கும்."

மறுநாள் புதுச் செருப்பு வாங்கும்போதும் கடையில் தனியாகச் சிரித்தேன். கரடி என்னதான் நினைத்ததோ, இன்றுவரை தெரியவில்லை.