மூன்று மாதம், அதற்கு மேல் ஒரு மாதம்

வரித்துறை ஆணையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய மூன்று மாதம். தவறினால், தக்க காரணம் காட்டி இன்னும் ஒரு மாதம். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் அதிகாரி கையை விரித்துவிடுவார். சட்டப் படிப்பின் கடைசி ஆண்டில் இந்தக் கேள்விக்கு நான் முழு மதிப்பெண் வாங்கினேன். அந்தத் திமிர் கொஞ்ச நாள் இருந்தது.

கூடப் படித்தவர்களில் பலருக்கு ஒரகடத்துக் கம்பெனிகளின் வரிப் பிரிவில் ஏசி அறைதான் கனவு. சிலர் வரித்துறைக்கே அதிகாரியாகப் போகப் பரீட்சைக்குப் படித்தார்கள். எனக்கு வக்கீலாக வேண்டும். அதனால் தினமும் கல்லூரி விட்டதும் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வரி ஆலோசகரிடம் வேலை பழகினேன். மண்ணூரில் லேத் பட்டறை நடத்தும் ஓர் அக்காவின் கோப்பு என் பொறுப்பு. வாரா வாரம் வரித்துறை இணையதளத்தில் 'அறிவிப்புகள்' பக்கத்தைத் திறந்து, அவருக்கு ஒன்றும் வரவில்லை என்று நோட்டில் டிக் போடுவேன்.

ஒரு திங்கட்கிழமை வேறு எதையோ தேடும்போது, அதற்குப் பக்கத்திலேயே 'கூடுதல் அறிவிப்புகள்' என்று இன்னொரு பக்கம் இருப்பதைப் பார்த்தேன். அக்காவுக்கு நோட்டீஸ், நினைவூட்டல், கடைசியில் வரி கட்டச் சொல்லும் ஆணை, எல்லாம் அதில் வந்து கிடந்தன. விரல்விட்டு எண்ணினேன். மூன்று மாதம் முடிந்து, அடுத்த மாதத்திலும் ஒன்பது நாள்தான் பாக்கி. அதுவும் போனால் வங்கிக் கணக்கை முடக்குவார்கள். பட்டறையில் ஆறு பேர், திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து வாடகை அறையில் இருப்பவர்கள், அந்தச் சம்பளத்தை நம்பியிருந்தார்கள். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

ஆலோசகர் திட்டவில்லை. "காமாலை போட்டுரும்மா" என்றார். எங்கள் தொழிலில் தாமதத்துக்கு இந்த ஒரு வியாதிதான். கெடு தாண்டிய மனுதாரர் அத்தனை பேரும் மஞ்சள் காமாலையில் படுத்து, நாட்டு மருந்து குடித்து எழுந்தவர்கள். நானும் பிரமாணப் பத்திரத்தில் அப்படியே டைப் செய்தேன். உண்மையை எழுதினால் வக்கீலாகப் பதிவு செய்வதற்கு முன்பே என் பெயர் கெடும். முதலில் பயந்தது அதற்குத்தான். அக்காவின் பட்டறை இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அக்கா கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துவிட்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டார். கடைசிப் பக்கத்தில் 'மேற்கண்டவை உண்மையென உறுதி கூறுகிறேன்' என்றிருந்தது. என் கை தானாகப் போய் அந்தக் காகிதத்தை மறைத்துக்கொண்டது. காமாலையைப் பற்றியும் நான் திறக்காமல் விட்ட பக்கத்தைப் பற்றியும் சொன்னேன்.

"நீ பாத்துக்கினு கீறேன்னுதான்மா நான் பாக்கல" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

சட்ட மாணவி ஒருத்தி அந்தப் பக்கத்தைப் பார்க்கத் தவறினாள் என்று என் பெயரோடு மாற்றி எழுதினேன். அலுவலகத்துக்கும் கெட்ட பெயர் என்று ஆலோசகர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் தடுக்கவில்லை. கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தாக்கல் செய்தோம். விசாரணையன்று அதிகாரி அந்தப் பத்தியை இரண்டு முறை படித்துவிட்டு, இது யார் என்று கேட்டார். எழுந்து நின்றேன். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டார்.

இப்போது நான் வக்கீல். அக்காவின் கோப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வேறு ஆளைப் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. ஆனால் நான் எதை நீட்டினாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படிக்கிறார். கடைசி வரிக்கு அந்த விரல் வந்து சேரும்வரை நான் பயந்துகொண்டேதான் நிற்கிறேன்.