தளும்பத் தளும்ப

தையல்காரருக்கு எதையும் தளும்பத் தளும்ப ஊற்றினால்தான் மனசு ஆறும். தன் அரதப்பழசான காரின் ரேடியேட்டரையும் தினமும் காலையில் கழுத்துவரை நிரப்புவார். ஓட்டி வந்து நிறுத்தினால் அடியில் குட்டையாகத் தண்ணீர். ஹோஸை மாற்றினார், பம்பை மாற்றினார், மெக்கானிக்கை வாய்க்கு வந்தபடி திட்டினார். ஒழுகல் நின்றபாடில்லை.

“சூடானா தண்ணி பொங்கி வழியாதா? ரெண்டு விரல் குறைச்சு ஊத்துங்க,” என்றாள் மனைவி.

“உனக்கு என்ன தெரியும்?” என்று எரிந்து விழுந்தவர், மறுநாள் அவளுக்குத் தெரியாமல் குறைத்தே ஊற்றினார். ஒரு சுற்று போய்வந்து தரையைத் தடவிப் பார்த்தார். பொட்டு ஈரமில்லை.

“நின்னுடுச்சா?” வாசலிலிருந்து கேட்டாள்.

“புது பம்ப் இல்ல? இப்பதான் செட்டாகுது.”

அன்று டீ முக்கால் டம்ளர்தான் வந்தது. மறுபேச்சில்லாமல் குடித்தார்.