பார்ட்டி பார்க்க வந்த வீடு

திருத்தணியில் என் வீட்டைப் போல ஒரு வீடு கிடையாது. இதை நான் சொல்லவில்லை, கட்டின மேஸ்திரியே சொன்னான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பஜாரில் சிமெண்டு மூட்டை இறக்குகிற கூலியாகச் சேர்ந்து, பிறகு அதே பஜாரில் சிமெண்டு கடை வைத்தேன். வீடு கட்டியபோது கொசஸ்தலை ஆற்று மணலை நானே பக்கத்தில் நின்று சலிக்க வைத்தேன். இன்றுவரை சுவரில் ஒரு விரிசல் கிடையாது. தரையெல்லாம் கிரானைட்டு. மொட்டை மாடியில் நின்றால் மலைமேல் கோபுரம் நேராகத் தெரியும்.

அந்த வீட்டைத்தான் விற்க வேண்டியதாயிற்று. போன வருஷம் என் மனைவிக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு திரும்பிவிட்டது, கொஞ்சம் குழறும். நடை திரும்பவில்லை. தினமும் பயிற்சி கொடுத்தால் எழுந்து நடப்பாள், தள்ளிப்போட்டால் கால் இப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயிற்சி கொடுக்கிற இடம் இருப்பது திருவள்ளூரில், எங்கள் மகள் குடியிருக்கும் தெருவுக்குப் பக்கத்தில். மகள் இருப்பதோ மாடியில், வாடகைக்கு. இதை விற்றால்தான் அங்கே தரையோடு ஒரு சின்ன வீடு வாங்க முடியும். எவ்வளவு சீக்கிரம் விற்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் அவள் நடப்பாள். கணக்கு அவ்வளவுதான்.

புரோக்கர் வந்து சுற்றிப் பார்த்தான். வாங்க வருகிறவர்களை அவன் 'பார்ட்டி' என்பான்.

"வூடு சூப்பர் மொதலாளி. ஆனா ஹால்ல அம்மா படுத்துகினு இருக்காங்களே."

"ஆங். அவ வேற எங்க போவா?"

"தப்பா நெனைக்காதீங்க. பார்ட்டி உள்ள வந்ததும் கட்டிலத்தான் பாக்கும். அப்புறம் அந்தச் சேர. ராசியில்லாத வூடுன்னு முடிவு கட்டிடுவாங்க. உங்க கிரானைட்டு எவன் கண்ணுலயும் படாது."

சேர் என்று அவன் சொன்னது, கட்டிலை ஒட்டியிருந்த கம்மோடு சேரை. நடுவில் ஓட்டை, அடியில் வாளி. அவளால் கீழே குந்த முடியாது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வியாபாரி இல்லையா, சரி என்றே பட்டது. "நம்ம கடையிலயும் கட்டி தட்டிப்போன மூட்டைய பின்னாலதான்யா அடுக்குவோம்" என்று சொல்லிச் சிரித்தேன். புரோக்கரும் சிரித்தான். கட்டில் எங்களிடமிருந்து கை நீட்டும் தூரத்தில் இருந்தது. அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பார்ட்டி வருகிறது என்றதும் மகளை வரவழைத்தேன். கட்டிலைக் கழற்றிப் பரண்மேல் ஏற்றினோம். என் மனைவியின் தலை உரசி உரசிச் சுவரில் எண்ணெய்க் கறை பிடித்திருந்தது. ஒரு கோட்டு பெயிண்டில் அது போகவில்லை, மேலே இன்னொன்று அடித்தேன். மருந்துகளைப் பையில் கட்டி அலமாரிக்குள் தள்ளினேன். தைலவாடை போக வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டோம். கம்மோடு சேரை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினேன். எல்லாம் முடிந்து, எடுக்க வேண்டியது அவள் ஒருத்திதான் என்று ஆனது.

பார்ட்டி போகும்வரை இவள் அங்கே இருக்கட்டும் என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். மகள் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தபோது, "நல்ல சீலையா கட்டி வுடுடி" என்றாள் என் மனைவி. "பார்ட்டி என்ன பாக்கலன்னாலும் பக்கத்து வூட்டுக்காரி பாப்பா இல்ல."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவள் பிறந்த ஊர் ஆந்திரா பக்கம் நகரி. தெலுங்குதான் அவள் தாய்மொழி, என் வீட்டில் எல்லோருக்கும் அது வரும். கடையில் அவள்தான் கல்லாவில் உட்காருவாள். சென்னையிலிருந்து யாராவது வந்து விலை பேசினால், அவர்கள் எதிரிலேயே தெலுங்கில் எங்களுக்குள் பேசி முடித்துக்கொள்வோம். உள்ளூர்க்காரனிடம் அது நடக்காது, பாதிப்பேருக்குத் தெலுங்கு தெரியும். பட்டணத்துக்காரன் மலங்க மலங்க விழிப்பான். அந்தச் சாமர்த்தியத்தை நாலுபேரிடம் சொல்லிப் பெருமை அடித்திருக்கிறேன்.

சென்னையிலிருந்துதான் வந்தார்கள், புருஷனும் பெண்சாதியும். அவர் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், நிறையக் கேள்வி கேட்டார். அந்த அம்மா பேசவே இல்லை. கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஆற்று மணலைப் பற்றிச் சொன்னேன். கோபுரத்தைப் பற்றிச் சொன்னேன். மூட்டை தூக்கினவன் கட்டின வீடு சார் இது என்றும் சொன்னேன். அவர் நன்றாகக் கேட்டுக்கொண்டார். எனக்குப் பெருமை ஏறிக்கொண்டே போயிற்று.

அப்போது பக்கத்து வீட்டு அம்மா வாசல் கேட்டருகே வந்து மகளைக் கையால் கூப்பிட்டாள். மகள் போய்விட்டு ஓடிவந்தாள். அம்மாவுக்கு அவசரமாக வருகிறதாம், அந்த வீட்டில் இருப்பது கீழே குந்துகிற கக்கூஸ், என்ன செய்ய என்று என் காதோரம் தெலுங்கில் கேட்டாள்.

அவர் அப்போதுதான் சமையலறை மேடையைத் தட்டிப் பார்த்து, "பலே" என்றிருந்தார். நான் மகள் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. கடையில் பேசுகிற அதே தோரணையில் சொன்னேன்.

"காசேபு ஓர்ச்சுகோமனு. வீள்ளு போனீ."

கொஞ்சநேரம் பொறுத்துக்கச் சொல்லு, இவங்க போகட்டும்.

அதுவரை வாய் திறக்காத அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எவுர்னி நைனா ஓர்ச்சுகோமனேதி?" என்றாள். யாரை நைனா பொறுத்துக்கச் சொல்றது? குரலில் கோபம் இல்லை. பெற்ற தகப்பனிடம் கேட்பது போலத்தான் கேட்டாள்.

நான் மேடைக் கல்லைக் கையால் துடைத்தேன். என்னை யாரும் வாயடைக்க வைத்தது கிடையாது, பஜாரில் கேட்டால் சொல்வார்கள். மகள்தான், "எங்கம்மாவ" என்றாள். என்னைப் பார்க்காமல் வெளியே போனாள்.

நான் மாடிக்கு ஓடினேன். தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டுச் சேரைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். படிக்குப் படி வாளி இடித்துச் சத்தம் போட்டது. புது பெயிண்டு அடித்த ஹால் வழியாக, அந்த மனிதருக்கு எதிரில், அதைத் தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஒதுங்கி நின்று போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

அதற்குள் சக்கர நாற்காலி உள்ளே வந்துவிட்டது. சேர் தேவைப்படவில்லை. நல்ல சேலை காலோடு ஒட்டிக்கிடந்தது. சக்கரம் வந்த வழியெல்லாம் கிரானைட்டில் ஈரம்.

என் மனைவி வந்தவர்களைப் பார்த்து இடது கையை மட்டும் மார்புக்குத் தூக்கினாள். "வாங்க. காப்பி குடிச்சீங்களா? நான் சும்மா பேசிகினு இருக்கலாம்னு பக்கத்து வூட்டுக்குப் போயிருந்தேன்."

அந்த நிலையிலும் என் பொய்யை அவள்தான் காப்பாற்றினாள்.

"குடிச்சோம்க்கா" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா செருப்பில்லாத காலோடு அந்த ஈரத்திலேயே நடந்து போய், மகளோடு சேர்ந்து நாற்காலியை அறைக்குள் தள்ளினாள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே தெலுங்குப் பேச்சு கேட்டது, நடுவில் என் மனைவியின் சிரிப்பும் கேட்டது. நான் ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் போகும்போது, "மணல் விஷயம் நல்லா சொன்னீங்க" என்றார். அவர் மரியாதைக்குத்தான் சொன்னார். அதற்கு என்னை நாலு அடி அடித்திருக்கலாம்.

சாயங்காலம் கட்டிலை இறக்கி மறுபடி பூட்டினேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று இருந்தது. தப்புதான் என்கிற வார்த்தை என் வாய்க்குப் பழக்கமில்லை. திருப்புளியை ரொம்பநேரம் தேடினேன். அது கையில்தான் இருந்தது. மகள் மறுநாள் ஊருக்குப் போனாள், என்னிடம் சொல்லிக்கொள்ளாமல்.

அந்தப் பார்ட்டியிடமிருந்து பதில் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு பார்ட்டி இருப்பதாகப் புரோக்கர் சொல்லியனுப்பினான். என் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவளே ஆரம்பித்தாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை நீ, வா என்றுதான் பேசுவாள்.

"இந்த வாட்டியும் பக்கத்து வூட்டுக்குத்தான? நீ ஒண்ணும் கவலப்படாத. காலையில இருந்தே தண்ணி குடிக்காம இருந்துக்கிறேன்."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் நிஜமாகவே யோசித்து வைத்திருந்தாள்.

போனை எடுத்துப் புரோக்கரைக் கூப்பிட்டேன். "யோவ், அம்மா ஹால்லதான்யா இருப்பாங்க. கட்டிலும் இருக்கும், சேரும் இருக்கும். இஷ்டம் இருக்கறவன் வரட்டும்."

"வில எறங்கும் மொதலாளி. நாளும் ஆவும்."

"எறங்கட்டும்யா. நான் மூட்ட தூக்கி வந்தவன். எனக்கு இன்னா பயம்?"

போனை வைத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன்கிட்ட பேசினியா, எனக்குக் கேக்கணும்னு பேசினியா?"

இரண்டுக்கும்தான் பேசினேன். அவளுக்கு அது தெரியும். நாள் ஆனால் நடக்காமல் நின்றுபோவது அவள் கால்தான் என்பதும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி, ஞாயித்துக்கெழம வரட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.