மாற்றிய பிரதியைத் தரக்கூடாது

எண்பதுகளின் கடைசியில் திருப்பரங்குன்றம் சாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளிகளின் விவரம் வைக்கும் புரோகிராமை பம்பாய் கம்பெனி ஒன்று விற்றிருந்தது. பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல் ஓர் எழுத்துதான். பெண்களில் பாதிப் பேருக்கு அம்மன் பெயரை வைக்கும் ஊரில் இது விளங்குமா? அப்பா அல்லது புருஷன் பெயரையும் ஊரையும் கேட்கும்படி நானே உட்கார்ந்து மாற்றினேன்.

செல்லூர்ப் பக்கம் இன்னொரு ஆஸ்பத்திரியிலும் அதே புரோகிராம், காசு கொடுத்து வாங்கியதுதான். அங்கே கம்ப்யூட்டரில் வேலை பார்த்த பெண் என்னைத் தேடி வந்தாள்.

"அண்ணே, ஒரே பேர்ல எம்புட்டுப் பேரு வாராங்க. ஒருத்தி விவரத்தை இன்னொருத்திக்கு எடுத்துக் குடுத்துருவேனோன்னு பயமா இருக்கு. நீங்க மாத்துனத ஒரு பிளாப்பியில போட்டுத் தாங்க."

எங்கள் மேனேஜர் லைசென்ஸ் தாளை எடுத்து நீட்டினார். நம் உபயோகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றியதை யாருக்கும் தரக்கூடாது. அதே புரோகிராமை வாங்கியவர்களுக்கும் கூடாது. என்ன மாற்றினோம் என்று வாயால் சொல்லவும் கூடாதாம். கம்பெனிக்கு எழுதிக் கேட்டோம். அடுத்த பதிப்பில் பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்கும் தெரியாமல் கொண்டுவந்து தருகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் ஒப்பவில்லை.

"தெரிஞ்சா வேலை போயிரும்ணே. வீட்ல என் சம்பளம் மட்டுந்தான்."

அவள் பயந்தது அந்த மழைக்காலத்திலேயே நடந்தது. செல்லூர் ஆஸ்பத்திரிக்குக் காலில் புண்ணோடு ஒருத்தி வந்தாள். பெனிசிலின் ஊசி அவளுக்கு ஆகாது என்று கம்ப்யூட்டரில் ஏற்கெனவே பதிந்திருந்தது. டாக்டர் கைக்குப் போனதோ அதே பெயரும் அதே இனிஷியலும் உள்ள வேறொருத்தியின் விவரம். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது. விவரத்தை எடுத்துக் கொடுத்தவள் என்று அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தினார்கள். லைசென்ஸைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தன் சாமான்களை எடுத்துவர அவள் போன அன்று துணைக்கு நானும் போனேன். வராந்தாவில் செத்தவளின் புருஷன் சர்டிபிகேட்டுக்காக உட்கார்ந்திருந்தார். அதே பெயருள்ள அந்த இன்னொருத்தியும் மாத்திரை வாங்க வந்திருந்தாள். நர்ஸ் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"இந்தா வாரோம்மா" என்று எழுந்து நின்றவர் அந்தப் புருஷன்தான்.