ஜன்னலோரக் கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்து கை கழுவியதும் செஸ் புரோகிராம்களுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவர் ஆடுவதில்லை. புரோகிராம்களை ஒன்றோடொன்று மோதவிட்டு, எது கெட்டிக்காரப் புரோகிராம் என்று இணையத்தில் பட்டியல் போடுவார். அதைப் படிக்கிற நூற்றுச் சொச்சம் பேருக்கு அவர் வைத்ததுதான் சட்டம்.

நியாயம் என்று வந்துவிட்டால் மனுஷன் விடாக்கண்டன். ஒரே நாளில் வாங்கிய, ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர்கள். இரண்டுக்கும் ஒரே கெடு நேரம். ஒவ்வொரு ஆரம்பக் காய்நகர்த்தலையும் வெள்ளை, கறுப்பு மாற்றி இரண்டு தடவை ஆட வேண்டும். பகலெல்லாம் ஆட்டம் தானாக ஓடும். அந்த அறையில் நான் இஸ்திரிப் பெட்டியைக்கூடச் செருகக் கூடாது. கசங்கிய துணியோடு கூடத்துக்கும் அறைக்கும் அலைந்தே என் பொறுமை போய்விட்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் கொழுந்தனும் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு வந்தார். அவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். முதல் பத்துக்குள் வர வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. இருபத்தேழாவதாக வந்தது.

"நேரம் பத்தாமத்தான் தோக்குது அண்ணி. யோசிக்கறதைக் கொஞ்சம் வெட்டணும்" என்றார். வெட்டினார். லீவு நாளெல்லாம் உட்கார்ந்து வெட்டினார். பதினொரு தடவை திருத்திக் கொடுத்தும் இருபத்தைந்தைத் தாண்டவில்லை.

போன மாதம் ஒரு விடுமுறை மத்தியானம் அந்த அறை ஜன்னலின் திரைச்சீலையை இழுத்துவிடப் போனேன். ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் கை பட்டது. சுட்டுவிட்டது.

"ஏங்க, இது ஏன் இப்படிக் கொதிக்குது?"

வந்து தொட்டுப் பார்த்தவரின் முகம் செத்துவிட்டது. வெயிலில் சூடேறினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாம்; அதில் ஓடுகிற புரோகிராமுக்கு யோசிக்க நேரம் பத்தாதாம்.

"இதுல யாரோடது ஓடும்?"

"மத்தவங்களோடதை ரெண்டுலயும் மாத்தி மாத்திப் போடுவேன். தம்பியோடது மட்டும் எப்பவும் இதுலதான்."

"அதென்ன அவருக்கு மட்டும்?"

"நல்ல இடத்தைத் தம்பிக்கு ஒதுக்கிட்டான்னு நாலு பேர் பேசிடக் கூடாதில்ல."

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. முகம் தெரியாத நாலு பேருக்குப் பயந்து கூடப் பிறந்தவரை மூன்று வருஷம் வெயிலில் நிறுத்திவைத்தவரிடம் என்ன பேசுவது? அன்றைக்கே இரண்டு கம்ப்யூட்டரையும் உள்சுவர் ஓரம் நகர்த்த வைத்தேன். முதலில் எழுதியதும் திருத்தியதுமாகக் கொழுந்தன் கொடுத்த பன்னிரண்டையும், பாதி ஆட்டம் இதில், பாதி அதில் என்று மறுபடி ஓடவிட்டார். மூன்று வாரம் ஆயிற்று.

முடிந்ததும் தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். வெயில் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். "தப்பு என் மேலதான். நீ முதமுதல்ல குடுத்தியே, அது ஏழாவது இடம்டா."

"ஏழா?" கொழுந்தன் சிரித்தே விட்டார். "வெயில் என்ன பெரிய வெயில், விடுண்ணா. அதுவே ஏழுன்னா, இப்பக் குடுத்தது இன்னும் மேல இருக்குமே?"

இவர் பட்டியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பத்தொன்பது" என்றார்.

கொழுந்தன் மெதுவாகக் கேட்டார்: "அப்போ மூணு வருஷமா நான் எதைண்ணா சரி பண்ணிட்டு இருந்தேன்?"

என் வீட்டுக்காரர் போனை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.